மைக் ஆற்ற கையில இருக்குது?

போன வெள்ளி அம்மன் கோயில் திருவிழாவில, அன்னதானக் கொட்டிலில நெருப்புப் பிடிச்ச வீடியோவை எல்லாரும் பாத்திட்டியள். ஆளாளுக்கு நெருப்பைப் பற்றித்தான் எழுதுறியள். அந்த நெருப்பு ரண்டு நிமிசத்தில அணைஞ்சுது. சனத்தை விழுத்தினது மைக்கில வந்த "ஓடுங்கோ, ஓடுங்கோ" எண்ட சத்தம். எங்க ஓடுறது? எல்லாரும் தங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வாசலுக்கு ஓடிச்சினம். அந்த வாசலை மறிச்சுக்கொண்டு தண்ணித் தாங்கியோட லாண்ட்மாஸ்ரர் (ரண்டு சில்லு உழவு மெசின்) நிண்டது.

மைக்கில முதல் சொல்லவேண்டியது போகவேண்டிய இடம். "கொட்டில் பக்கம் நிக்கிற ஆக்கள் அரசமரத்தடிக்கு நடவுங்கோ. பிள்ளையளைத் தூக்குங்கோ. வடக்கு வாசல் திறந்திருக்கு." இவ்வளவும் போதும். நிதானமான குரலில, அதே சொல்லுகளை மூண்டு தரம். இதை முதல்நாளே எழுதி மைக் பெட்டியில ஒட்டவேணும். நெஞ்சு படபடக்கேக்க வாயில வசனம் வராது. சொல்லுறது ஆர், அவர் இல்லாட்டி ஆர் எண்டதும் அண்டைக்கே முடிவாகவேணும். ஜெனரேற்றரை நிப்பாட்டினா மைக்கும் நிண்டுபோம். அதால பற்றறியில வேலைசெய்யிற கை மெகாபோன் ஒண்டு கட்டாயம் வேணும்.

1990 எண்ட இலக்கத்துக்கு போன் எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுறது வேற ஆளின்ர வேலை. திருவிழாக் கூட்டத்துக்குள்ள போன் லைன் கிடைக்காது, அவர் றோட்டுக்கரையில நிக்கவேணும். "அம்மன் கோயிலடி" எண்டா வாறவைக்கு என்ன விளங்கும்? வன்னியில எத்தனை அம்மன் கோயில்! எந்தப் பிரதான வீதி, அதில இருந்து எத்தனை கிலோமீற்றர், எந்தக் குளக்கட்டால திரும்புறது எண்டு எழுதி வைச்சு வாசியுங்கோ. சந்தியில ரோச்லைற்றோட ஒரு பொடியனை விடுங்கோ.

கொட்டிலுக்குள்ள காஸ் குழாய் அடுப்பின்ர விளிம்பில முட்டி உருகியிருக்கு. சமையல் காஸ் காத்தை விடப் பாரம். நிலத்தோட ஊர்ந்து அடுத்த அடுப்பைப் போய்த் தொடும். சிலிண்டரை நிமித்தி, அடுப்புக்குத் தூரத்தில, கொட்டிலுக்கு வெளியில வையுங்கோ. பத்தினா முதல் ரெகுலேற்றரை மூடவேணும். மூட ஏலாட்டி நெருப்பை அணைக்க வெளிக்கிடாதேங்கோ, அணைஞ்ச பிறகும் வெளியேறுற காஸ் பரவி வெடிக்கும். தூரத்தில நிண்டு சிலிண்டருக்குத் தண்ணி அடிச்சுக்கொண்டு சனத்தை விலத்துங்கோ.

இதுகளுக்குக் காசில்லை எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். மெகாபோனும் பேப்பரும் ஒரு இரவு வாணவேடிக்கைச் செலவுக்குள்ள முடியும். "அம்மாள் பாத்துக்கொள்ளுவா" எண்டு இன்னொருத்தர். அம்மாளை நானும் கும்பிடுறனான்.

"சண்டைக்குள்ள நிண்ட சனத்துக்கு நீர் ஓடப் படிப்பிக்கிறீரோ?" எண்டு கேட்டதுதான் நெஞ்சில தைக்குது. ஓம், நிண்ட சனம்தான். அண்டைக்குத் தப்பினதுகள் சும்மா ஓடித் தப்பேல்லை. கிபிர் குண்டுவிமானத்தின்ர சத்தம் கேட்டா குழந்தையை ஆர் தூக்கிறது, ஆச்சியை ஆர் பிடிக்கிறது, ஆர் கடைசியா இறங்கிறது எண்டு வீட்டுக்கு வீடு தெரிஞ்சிருந்தது. இடம்பெயர்ந்து போற காணியில அடுப்பு மூட்ட முதல் பங்கர் வெட்டின சனம் இது. பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு வைச்சதாலதான் இறங்க ஒரு இடம் இருந்தது. அதே சனத்துக்கு 2004 மார்கழி 26 காலமை கடல் வருகுதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. முல்லைத்தீவுக் கரையில நிண்டவைக்குக் கடலைத் தெரியாதோ? தெரியும். ஆனா சொல்ல ஒரு குரல் இருக்கேல்லை. அந்த ஊருக்குப் பக்கத்தில இருந்துகொண்டு "எங்களுக்குத் தெரியும்" எண்டு எப்பிடி எழுத மனம் வருது?

கார்மென்ற்ஸ் தொழிற்சாலையில உடுப்புத் தைக்கிற பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ. மணி அடிச்சா எந்தப் படியால இறங்கி எங்க நிக்கிறது, பேர் கூப்பிட்டு எண்ணுறது ஆர் எண்டு சொல்லுவினம். பழகிப் பாத்தவை. அதே பிள்ளையள்தான் வெள்ளிக்கிழமை அந்த வாசலில நசிபட்டதுகள்.

கை வெந்த அந்தச் சின்னப்பிள்ளைக்குப் பற்பசை பூசினவையாம். வெந்த இடத்துக்கு 20 நிமிசம் ஓடுற தண்ணிதான் மருந்து, பற்பசை சூட்டை உள்ளுக்க அடைச்சு வைக்கும். மைக் அப்பவும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. செருப்பு விட்டவையைத் தேடி அறிவிச்சவை. "பிள்ளையைக் கிணத்தடிக்குக் கொண்டுபோங்கோ" எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கிணறு அன்னதானக் கொட்டிலுக்குப் பின்னாலதான்.