தோற்றவனுக்கும் பாட்டு உண்டு

புதுப் படம் ஒன்று வந்தால் போதும், எங்கள் ஆபீஸ் கேன்டீனில் "இது படமில்ல மச்சி, காவியம்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். பெங்களூரில் தமிழ்ப் படத்துக்கு முதல் நாள் காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்த களைப்பு வேறு. ஏன் காவியம் என்று கேட்டால் ஹீரோ என்ட்ரியைச் சொல்வார்கள். புழுதி, ஸ்லோமோஷன், முதலில் செருப்பு, அப்புறம் முதுகு, கடைசியில் முகம். அவனை அடிக்க ஆளே கிடையாது. சரி, பிடித்திருந்தால் விசிலடியுங்கள், நானும் அடிப்பேன். ஆனால் காவியங்களில் என்ட்ரி அப்படி இருக்காது.

ஹோமரின் இலியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அகிலீஸ் கிரேக்கப் படையிலேயே பெரிய வீரன். முதல் காண்டத்திலேயே தலைவன் அகமெம்னானோடு சண்டை போட்டுவிட்டு, கடற்கரையில் தனியாக உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறான். அதற்குப் பிறகு நூலின் பெரும்பகுதி அவன் போருக்கே போவதில்லை. ஒடிசியில் ஒடிசியஸை நாம் நேரில் பார்ப்பது ஐந்தாம் காண்டத்தில்தான். அங்கேயும் ஒரு தீவின் கரையில் ஊர் நினைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறான். லத்தீன் கவி வர்ஜிலின் காவிய நாயகன் ஏனியஸோ, புயலில் மாட்டிக்கொண்டு, டிராயிலேயே செத்துத் தொலைந்திருக்கலாமே என்று புலம்பிக்கொண்டு அறிமுகமாகிறான். நம்ம அர்ஜுனனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு பக்கமும் சங்கு ஊதியான பிறகு வில்லைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்தவன்.

தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும்போது "தன்னிகர் இல்லாத் தலைவனை உடைத்தாய்" என்கிறது. கேன்டீன் கோஷ்டிக்கு இந்த வரி ஒன்று போதும். ஆனால் சிலம்பில் அந்தத் தலைவன் யார்? கோவலனையா காட்டுவீர்கள்? கண்ணகியைத்தான் காட்ட வேண்டும். அதே சூத்திரம் மலை, கடல், நாடு, நகர், கல்யாணம், முடிசூட்டு, பொழில் விளையாட்டு, புனல் விளையாட்டு, கள் மயக்கம், ஊடல், தூது, போர் என்று ஒரு நீளமான பட்டியலும் போடுகிறது. கம்பன் அதைக் கொஞ்சமும் குறை வைக்காமல் செய்திருக்கிறான். பாலகாண்டத்தில் தசரதன் படையோடு மிதிலைக்குக் கிளம்பியதும் வரைக்காட்சி, பூக்கொய், நீர்விளையாட்டு, உண்டாட்டு என்று படலம் படலமாகப் போகும். மாப்பிள்ளையும் பெண்ணும் அங்கே காத்துக் கிடப்பார்கள். பாட்டு அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் நான் பல தடவை அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு நேரே கடிமணத்துக்குப் போயிருக்கிறேன்.

இலக்கணம் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு, தன் மனசைக் கவிஞன் வேறு இடத்தில் வைக்கிறான். முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும் ராவணனைப் பாருங்கள். யானைகளோடு பொருத மார்பு, மலையை எடுத்த தோள், நாரதருக்கு ஏற்றபடி இசைத்த நாக்கு, பத்து முடி, சிவன் கொடுத்த வாள் என்று ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில் "வீரமும் களத்தே போட்டு, வெறுங்கையோடு இலங்கை புக்கான்" என்கிறான். வாளைப் போட்டான், சரி. வீரத்தையும் அல்லவா போட்டுவிட்டுப் போகிறான்! ஜெயித்த ராமனுக்கு அன்று இப்படி ஒரு பாட்டு கிடைக்கவில்லை என்பது என் கட்சி.

ஜெயித்தவனை மட்டும் பாட நம்மிடம் மெய்க்கீர்த்தி என்று தனியாகவே ஒரு வகை உண்டு. ராஜராஜன் காலம் முதல் கல்வெட்டுக்குக் கல்வெட்டு செதுக்கி வைத்தார்கள். எந்தெந்த நாட்டைப் பிடித்தான் என்று வரிசையாக வரும், முடிந்தது. இப்போது வரும் படங்களில் பாதி மெய்க்கீர்த்திதான். (இந்த ஊரின் பெயருக்கே நமக்குக் கிடைக்கும் பழைய சான்று, பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கும் 9-ஆம் நூற்றாண்டு வீரக்கல். பெங்களூரில் நடந்த சண்டையில் செத்தவனுக்காக நட்டது.)

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு ரிட்டயர்டு கன்னட வாத்தியார் இருக்கிறார். மேஷ்ட்ரு என்றுதான் கூப்பிடுவேன். மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனால் பிடித்துக்கொள்வார். பழைய கன்னடக் கவிஞர்கள் பம்பனும் ரன்னனும் எனக்கு அறிமுகமானது அந்தக் கொடிக்கயிற்றுக்குக் கீழேதான்.

பம்பன் 941-இல் பாரதத்தைக் கன்னடத்தில் எழுதினான். புரவலன் அரிகேசரியையே அர்ஜுனனாக்கி, கடைசியில் முடிசூட்டையும் தருமனுக்குத் தராமல் அர்ஜுனனுக்கே கொடுத்துவிட்டான். (கம்பன் இதில் கெட்டிக்காரன். முடியை எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தன் புரவலர் சடையப்பரின் முன்னோருக்குக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டான்.) இவ்வளவு ராஜவிசுவாசம் காட்டிய பம்பன், கர்ணன் விழும் இடத்தில் என்ன சொல்கிறான் தெரியுமா? பாரதத்தில் வேறு யாரையும் நினைக்காதே அண்ணா, ஒரே மனதாக நினைப்பதென்றால் "கர்ணனம் நெனெய" என்கிறான். மேஷ்ட்ரு அந்த "அண்ணா"வை இழுத்துச் சொல்லும்போது கையில் இருக்கும் துணியை மறந்துவிடுவேன்.

ரன்னன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். அவனுடைய காவியம் 'கதாயுத்தம்'. அவன் அரசன் சத்யாசிரயன்தான் அதில் பீமன். ஆனால் அதைப் படித்தவர்களுக்கு மனதில் நிற்பது துரியோதனன். எல்லாரையும் இழந்து ஏரிக்குள் ஒளிந்திருக்கிறான். கரையில் பீமன் கர்ஜிக்கிறான். "நீரொளகிர்தும் பெமர்தன் உரகபதாகம்": தண்ணீருக்குள் இருந்தும் பாம்புக்கொடியோனுக்கு வியர்த்துவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கும் மேஷ்ட்ருவுக்கும் தகராறு. தோற்றவனைத் தூக்கிப் பிடிப்பது கவிஞனின் கலகம் ஒன்றும் இல்லை, அதுவும் இலக்கணம்தான் என்கிறார் அவர். தண்டியலங்காரத்துக்கு மூலமான, தண்டியின் சமஸ்கிருத காவ்யாதர்சமே சொல்கிறதாம்: எதிரியின் குலம், வீரம், கல்வி எல்லாவற்றையும் வர்ணித்துவிட்டு, அப்பேர்ப்பட்டவனை வென்றான் என்று காட்டினால் நாயகனுக்குத்தான் பெருமை. நல்ல வாதம். வியர்வைக்கு அது பொருந்தும், அது பீமனுக்கு விழுந்த மாலை. ஏரிக்குப் போகும் முன்னால் நடப்பதற்குப் பொருந்துமா?

சஞ்சயனோடு பிணங்களுக்கு நடுவே துரியோதனன் நடந்து போகிறான். துரோணர், துச்சாதனன், கர்ணன், பெற்ற மகன் லட்சுமணன் எல்லாரும் கிடக்கிறார்கள். அங்கேயே அபிமன்யுவும் கிடக்கிறான், தன் ஆட்கள் சூழ்ந்து நின்று கொன்ற எதிரி வீட்டுப் பையன். அவனுக்குக் கைகூப்பி, உன் சாகசத்தில் ஒரு பங்காவது உள்ள சாவு எனக்கும் வாய்க்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறான். பீமன் பக்கத்தில்கூட இல்லை. இதனால் யாருடைய வெற்றியும் ஒரு குன்றிமணி கூடவில்லை. எந்த அரசன் பொன் கொடுத்து இதை எழுதச் சொல்லியிருப்பான்?

மேஷ்ட்ரு இன்னும் பதில் சொல்லவில்லை. பின்னால் வந்து கன்னடத்தில் பாரதம் பாடிய குமாரவியாசனைக் கொண்டுவருகிறேன், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.