அந்த வாடையை முதலில் பிடித்தது தாய்தான்
அரிய நோய்கள் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் "பெற்றோர் வீணாகப் பதறுகிறார்கள்" என்ற வரி எனக்கு ஒட்டவில்லை. நார்வேயில் ஒரு தாய், தன் இரண்டு பிள்ளைகளின் சிறுநீரில் ஏதோ பூஞ்சை வாடை அடிக்கிறதென்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். 1934-ல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர்தான் காது கொடுத்தார். அந்தச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டதும் பச்சையாக மாறியது. பிகேயு (ஃபினைல்கீட்டோனூரியா) என்ற பரம்பரை நோய் பிடிபட்டது அப்படித்தான். புரத உணவில் இருக்கும் ஃபினைல்அலனின் என்ற பொருளை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத நோய் அது.

இப்போது அதைக் கண்டுபிடிக்க, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். எங்கள் பாப்பா வீறிட்டபோது நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்! பிகேயு என்றால் ஃபினைல்அலனின் குறைந்த உணவைப் பிறந்த சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். தாமதித்தால் மூளை பாதிக்கப்படும். அந்த நார்வே பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.