மாமி ஏமாந்ததுக்கு மாமியை ஏசாதேங்கோ

"படிச்ச ஆக்கள் நீங்களே இப்பிடி ஓடிபியைக் குடுத்தா நாங்கள் என்ன செய்யிறது அன்ரி?"

பாங்கில ஒரு பெடியன் என்ர மாமியைப் பாத்துக் கேட்டது இது. மாமிக்கு 71 வயசு, 30 வருசத்துக்கு மேல கணக்குப் படிப்பிச்ச ரீச்சர். வெள்ளவத்தையில ரோக்கன் எடுத்து ஒண்டரை மணித்தியாலம் கதிரையில இருந்து, நம்பர் கூப்பிட்ட உடன எழும்பிப் போய் போனை நீட்டிக்கொண்டு நிண்டவவுக்குக் கிடைச்ச முதல் வார்த்தை. பக்கத்தில நிண்ட எனக்கு வந்த கோவம் நாலு நாளாகியும் அடங்கேல்ல.

நடந்தது இதுதான். மாமி நவம்பர் 11ம் திகதி நடக்கிற 11.11 சேலில ஒன்லைன்ல ஒரு பிரஷர் குக்கர் ஓடர் பண்ணி கார்ட்டாலயே காசும் கட்டினவ. மூண்டாம் நாள் விடியக்காலமை, சாமி கும்பிட்டிட்டுத் தேத்தண்ணியோட இருக்கேக்க ஒரு மெயில். கடையின்ர பேர், கடையின்ர லோகோ, கடையின்ர அதே நிறத்தில ஒரு பட்டன். உங்கட கார்ட்டைச் சரிபாக்க முடியேல்ல, எக்கவுண்டை நிப்பாட்டி வச்சிருக்கிறம், 24 மணித்தியாலத்துக்குள்ள உறுதிப்படுத்தாட்டி ஓடர் ரத்து எண்டு இங்கிலீசில இருந்தது. பார்சல் இண்டைக்கு வரும் நாளைக்கு வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்த மனுசி அமத்தாம என்ன செய்யும்? கள்ளனுக்கு மாமி குக்கர் வாங்கினது தெரியவே தெரியாது, ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பியிருப்பான், சேல் நேரத்தில ஆரோ ஒராள் எதையோ ஓடர் பண்ணிப்போட்டு இருப்பினம் எண்ட கணக்கு அவ்வளவுதான்.

கார்ட் நம்பர் போட்டா, அது முடியிற திகதி போட்டா, பின்னால இருக்கிற 3 இலக்கம் போட்டா, ஓடிபி வந்தது, அதையும் போட்டா. அந்த ஓடிபி மெசேஜை நான் பிறகு பாத்தனான். மாமி கண்ணாடி இல்லாம வாசிக்கிறதுக்கு எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்கிறா, அதால போனுக்கு மேல வந்து விழுந்த துண்டில ஆறு இலக்கம் மட்டும்தான் தெரியும், 84,500 ரூபா எண்ட தொகையும் கேள்விப்படாத ஏதோ கடையின்ர பேரும் மூண்டாவது வரியில. சரிபாக்கிறதுக்கு எதுக்கு 84,500? அந்த வரி மட்டும் முதல்ல வந்திருந்தா மாமி நிண்டிருப்பா, கணக்கு ரீச்சர் எல்லோ. ஓடிபி அனுப்புற பாங்குகாரரிட்ட நான் கேக்கிறன், தொகையை முதல் வரியில போட்டு நம்பரைக் கடைசியில போட உங்களுக்கு என்ன கஷ்டம்?

அதோட முடியேல்ல. காசு போனது தெரிஞ்ச பிறகும் மாமி ரெண்டு நாள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. வெக்கம். மருமோள் சிரிப்பா, பக்கத்து வீட்டுச் சனம் கதைக்கும், "இந்த வயசில உனக்கு ஏன் ஒன்லைன்" எண்டு மோன் கனடாவில இருந்து பேசுவான் எண்ட பயம். அந்த ரெண்டு நாளுக்குள்ள இன்னும் மூண்டு தடவை காசு போயிட்டுது, ஏனெண்டா வெளிநாட்டு சைட் கனக்கில ஓடிபியே தேவையில்லை, கார்ட் நம்பரும் முடியிற திகதியும் அந்த 3 இலக்கமும் இருந்தாக் காணும். முதல் பத்து நிமிசத்தில பாங்கின்ர ஹொட்லைனுக்கு அடிச்சுக் கார்ட்டை நிப்பாட்டியிருந்தா இந்த மூண்டும் போயிருக்காது. "படிச்ச ஆக்கள்" எண்டு சொல்லுற ஒவ்வொருத்தரும் இதை ஒருக்கா யோசியுங்கோ, உங்கட அந்த வாய்க்குப் பயந்துதான் சனம் வாயைத் திறக்குதில்லை.

இனி அறிவுரைக்கு வருவம். எங்க பாத்தாலும் ஒரே அறிவுரை, எழுத்துப்பிழை இருந்தா அது கள்ள மெயில். ஐயோ, எங்களுக்கா சொல்லுறீங்கள்? 1987ல இலங்கை அரசியலமைப்பின்ர 13ம் திருத்தத்தில தமிழும் அரசகரும மொழி எண்டு எழுதினது, இண்டைக்கும் பஸ்சில, ஒபிஸ் வாசல்ல, போர்டில தமிழைப் பாத்தா கண்ணில ரத்தம் வரும். எங்களுக்கு வாற உண்மையான மெசேஜே மெஷின்ல போட்டு மொழிபெயர்த்த மாதிரி அரையும் குறையுமாத்தான் வருது. பிழைத் தமிழைக் கண்டா கள்ளம் எண்டு எடுக்கிறதெண்டா எனக்கு வாற மெசேஜில பாதியை நான் அழிக்க வேணும். கள்ளன் அனுப்பினதில ஒரு பிழையும் இல்லை, நான் மூண்டு தரம் வாசிச்சனான், அவ்வளவு துப்புரவான இங்கிலீசு. இப்ப ஏஐ இருக்கேக்க எந்த மொழியிலயும் பிழையில்லாம எழுதுவிக்கலாம், இந்த அறிவுரையைத் தூக்கி எறியுங்கோ.

அடுத்தது சைட் விலாசத்துக்குப் பக்கத்தில வாற பூட்டுப் படம். பூட்டு இருந்தா பாதுகாப்பான சைட் எண்டு எத்தினை வருசம் சொன்னவை. அந்தப் பூட்டு சொல்லுறது நீங்கள் டைப் பண்ணுறதை வழியில ஒருத்தரும் வாசிக்கேலாது எண்டதை மட்டும்தான், அங்கால இருக்கிறவன் கள்ளனோ நல்லவனோ எண்டு அதுக்குத் தெரியாது, கள்ளனும் ஒரு சதம் குடுக்காம அந்தப் பூட்டை எடுக்கலாம். சனம் பிழையா விளங்குது எண்டு 2023ல குரோம் பிரவுசரே அந்தப் பூட்டை எடுத்துப்போட்டுது. ஆனா வேற பிரவுசர் பாவிக்கிற மாமி பூட்டைப் பாத்தவ! "பூட்டு இருந்தது பிள்ளை, பாத்திட்டுத்தான் போட்டனான்" எண்டு என்னட்டச் சொல்லுறா. சொல்லிக் குடுத்ததைச் செய்த மனுசியை ஏசுறீங்கள்.

அனுப்பினவர் பேரும் அப்பிடித்தான். தபால்ல வாற கடிதத்தில அனுப்புநர் எண்ட இடத்தில ஆரும் என்னவும் எழுதலாம், தபால்காரர் போய் விசாரிக்கிறேல்ல. மெயிலும் அதே கதை, அது 1982ல எழுதின முறை, அந்த நேரம் பொய்ப் பேர் போடுவினம் எண்டு நினைச்சு அதைச் செய்யேல்ல, பிறகு வந்த காவல் எல்லாம் ஒட்டுப் போட்டதுதான். அதோட போன்ல அனுப்பினவர் பேர் மட்டும்தான் காட்டும், பேருக்கு மேல அமத்தினாத்தான் விலாசம் வரும். மாமியின்ர மெயில்ல அமத்திப் பாத்தன், கடைப் பேருக்கும் அந்த விலாசத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லிங்க்கை அமத்திப் பிடிச்சுப் பாத்தா இன்னும் கெட்டித்தனம், தொடக்கத்தில கடைப் பேர், டொட் கொம் எண்டும் இருக்கு, உடன ஒரு சின்னக் கோடு, பிறகு வெரிஃபை எண்டு ஒரு சொல்லு, பிறகு வேற ஏதோ ஒரு பேர், அதுக்குப் பிறகுதான் (தொடக்கத்தில https:// இல வாற ரெண்டையும் விட்டா) முதலாவது சாய்கோடு. அந்தச் சாய்கோட்டில நிண்டு பின்பக்கமா வாசிக்க வேணும், அதுக்கு ஒட்டின மாதிரி இருக்கிற பேர்தான் சைட்டின்ர சொந்தக்காரன், முன்னுக்கு இருக்கிறது எல்லாம் வெறும் அலங்காரம். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை, எந்த பாங்க் மாமிக்குத் தமிழில சொல்லிக் குடுத்தது?

எனக்கு உண்மையா வயிறு எரியிறது என்னத்துக்கெண்டா, நல்ல கடையளும் பாங்குகளும் அனுப்புற மெயிலும் அச்சொட்டா இதே மாதிரித்தான் இருக்கு. "இண்டைக்கு இரவு 12 மணியோட முடியுது, இப்பவே அமத்துங்கோ", பெரிய பட்டன், குறுக்கின லிங்க், அவையின்ர சைட் பேரே இல்லாத ஏதோ ஒரு விளம்பரக் கொம்பனியின்ர விலாசம். வருசம் முழுக்க அமத்து அமத்து எண்டு எங்களைப் பழக்கிப்போட்டு, ஒரு நாள் கள்ளன் அனுப்பினதை அமத்தினா மட்டும் "ஏன் அமத்தினனீங்கள்?"

இப்ப மாமிக்கு நான் செய்து குடுத்திருக்கிறது இவ்வளவுதான். மெயில்லயோ மெசேஜிலயோ வாற எந்த லிங்க்கும் வேண்டாம், உண்மையோ பொய்யோ எண்டு ஆராயவும் வேண்டாம், அதை மூடிப்போட்டு கடையின்ர ஆப்பை நீங்களே திறந்து ஓடரைப் பாருங்கோ, பிரச்சினை எண்டா அங்க கட்டாயம் இருக்கும். பாஸ்வேர்டை போனிலயே சேவ் பண்ணி வச்சிட்டன், கள்ள சைட்டில அது தானா வந்து விழாது, விழேல்லையெண்டா டைப் பண்ணாதேங்கோ எண்டு சொல்லியிருக்கிறன். மெயிலுக்கும் கடைக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு வச்சிருந்தவ, அதையும் மாத்தினன், மாத்தாம இருந்தா கடைப் பாஸ்வேர்ட் ஒருக்காக் களவு போனாக் காணும், அடுத்தது மெயிலும் போயிடும். 101க்கு அடிச்சா ஸ்ரீலங்கா சேர்ட் எண்ட அரசாங்க இணையப் பாதுகாப்பு நிலையம், அங்கயும் சொன்னம். 2007ம் ஆண்டின் 24ம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, பொலிசில முறைப்பாடு எழுதேக்க அந்தப் பேரைச் சொல்லுங்கோ, பாங்கில குடுத்த முறைப்பாட்டுக்கும் இலக்கம் கேட்டு எழுதி வையுங்கோ, வாயால சொல்லிப்போட்டு வராதேங்கோ.

காசு திரும்ப வருமோ தெரியாது. நேற்று மாமியின்ர போனைப் பாக்கிறன், தெரியாத ஒரு நம்பரில இருந்து மூண்டு மிஸ்ட் கோல். டெலிவரிக்காரப் பெடியன். கள்ளன்தான் எடுக்கிறான் எண்டு பயந்து மாமி போனைத் தலாணிக்குக் கீழ வச்சிட்டு இருந்திருக்கிறா. ஆப்பில பாத்தா பார்சல் திருப்பி அனுப்பியாச்சு எண்டு கிடக்கு. நான் கடைக்கு அடிச்சுக் கேக்கிறன் எண்டு சொல்ல, "வேண்டாம் பிள்ளை, பழைய சட்டி காணும் எனக்கு" எண்டுறா.