ஒரே ரிடிம்னா ஒரே பாட்டு ஆயிடாது
"ஒரே ட்யூன்ல பத்து பேர் பாடுறது கற்பனை வறட்சி"ன்னு ஜமைக்காவோட டான்ஸ்ஹால் இசைய பத்தின இந்த கட்டுரைல எழுதிருக்கறத என்னால ஒத்துக்கவே முடியல, டான்ஸ்ஹால்ல ரிடிம்ங்கறது டிரம்ஸும் பேஸும் சேர்ந்த அடித்தளம்தான், மெட்டும் வரியும் பாட வர்றவங்க கொண்டு வரணும். தயாரிப்பாளர் ஜெரமி ஹார்டிங் பண்ண பிளேகிரவுண்ட் ரிடிமையே எடுத்துக்கோங்க, 1997ல பீனி மேன் அதுல பாடின 'ஹூ ஆம் ஐ' அடுத்த வருஷம் பிரிட்டன்ல டாப் டென்னுக்குள்ள போச்சு, அதே ரிடிம்ல மிஸ்டர் வேகஸ் 'நைக்கி ஏர்' பாடி பேர் வாங்கினார், ஷான் பால் 'இன்ஃபில்ட்ரேட்' பண்ணார், அப்ப ஜமைக்காவுக்கு வெளிய அவர யாருக்கு தெரியும். மூணையும் ஹெட்போன்ல அடுத்தடுத்து போட்டு கேட்டேன், பீனி மேன் கார் சாவிய பத்தி கேக்குற இடம் ஒரு தடவ கேட்டாலே வாயில ஒட்டிக்குது, வேகஸ் குரல ஏத்தி இழுத்து பாடுறார், ஷான் பால் கீழ் ஸ்தாயிலயே அடிச்சிட்டு போறார், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லவே இல்ல. மேல கமெண்ட்ல ஒரு நண்பர் "அப்ப கரோக்கி மாதிரியா"ன்னு கேட்டிருக்கார், இல்லங்க, கரோக்கில ஏற்கனவே இருக்கற பாட்ட பாடுறோம், இங்க ஆளுக்கு ஒரு புது பாட்டு. ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல செலக்டர், அதாவது கூட்டத்துக்கு பாட்டு போடறவங்க, ஒரே ரிடிம் பாட்டுகள நிறுத்தாம மாத்தி மாத்தி போடுவாங்க, ஜக்லிங்னு பேரு, பீட் அப்படியே ஓடும் குரல் மட்டும் மாறும், அதனால எவன் பாட்டு சப்புனு இருக்குனு கூட்டத்துக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிரும், கற்பனை இல்லாதவன் அங்க தாக்குப்பிடிக்கவே முடியாது.