மெமரி நிறைந்தால் வைரஸ் என்று அர்த்தமில்லை

"கணினியில் மெமரி 70 விழுக்காட்டைத் தாண்டினால் வைரஸ். இந்த கிளீனரை உடனே போடுங்கள்." சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகச் சுற்றும் செய்தி இது. தவறான செய்தி. மெமரி (ரேம்) என்பது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் இடம்.

நேற்று பக்கத்து வீட்டு அக்காவின் 8 ஜிபி மடிக்கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஓடும் செயலிகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் மெமரி வரிசையைப் பார்த்தோம். மேலே இருந்தவை குரோமும் டிஸ்கார்டும்தான். டிஸ்கார்ட், ஸ்லாக் போன்ற அரட்டைச் செயலிகள் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குரோமியம் (குரோமின் அடிப்படை) உலாவியையே உள்ளே சுமந்து வருகிறது. மூன்று செயலி திறந்தால் மூன்று உலாவி ஓடுகிறது. மெமரி போதாதபோது விண்டோஸ் கொஞ்சத்தை வட்டுக்கு மாற்றும். வட்டு மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால்தான் கணினி திணறுகிறது. பல கிளீனர்கள் செய்வதும் இதே வேலைதான்: மெமரி விழுக்காடு குறையும், அப்புறம் செயலியைத் தொட்டதும் இன்னும் இழுக்கும்.

தேவையில்லாத டேப்களை மூடுங்கள். வைரஸ் சந்தேகம் இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் செய்யுங்கள். அந்தச் செய்தியில் உள்ள கிளீனர் இணைப்பைத் தொடாதீர்கள். மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799இல் கேட்டுச் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.