உள்ளே நீர் போகும்

காபன் நனோ குழாய், அதாவது காபன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய், நீரை விலக்குவதால் அதற்குள் நீர் போகாது என்கிறது உங்கள் கட்டுரை. முதல் பாதி சரி. தண்ணீரில் போட்டால் இக்குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிரிக்கச் சவர்க்காரம் போன்ற ஒன்று தேவை. உட்புறம்தான் வேறு மாதிரி. 2001இல் வெளியான கணினி உருவகப்படுத்தலில், சுமார் 0.8 நனோமீற்றர் விட்டமுள்ள குழாய்க்குள் நீர் மூலக்கூறுகள் தாமாகவே நுழைந்து, ஐதரசன் பிணைப்பால் கைகோத்து ஒற்றை வரிசையில் வேகமாக ஓடின. வழவழப்பான சுவர் அவற்றைப் பிடித்து வைப்பதில்லை. 2006இல் நனோ குழாய் மென்சவ்வில் செய்த பரிசோதனையும் அந்த வேகத்தைக் காட்டியது.

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கேத்தலில் சுண்ணாம்பு படியும் கிணற்றுநீரோடு வளரும் வன்னிப் பிள்ளைகள் இதைச் சரியாகவே அறிய வேண்டும். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.