துண்டு போட்டவன் எங்கே?

மாமா: மாப்பிள்ளை, இந்தக் கேம்ப் மைதானத்தில் 43-ம் நம்பர் இடம் காலி. 45-ம் காலி. நாம் எதற்குக் கிளம்ப வேண்டும்?

மாப்பிள்ளை: காலி இல்லை மாமா, ரிசர்வ் ஆகியிருக்கிறது. கம்பத்தில் சீட்டு சொருகியிருக்கிறதே, பார்க்கவில்லையா?

மாமா: பார்த்தேன். வெள்ளி முதல் திங்கள் வரை என்று எழுதியிருக்கிறது. இன்றைக்குச் சனி. அடுப்பு வளையத்தில் ஒரு சிட்டிகை சாம்பல் இல்லை. மேஜை மேல் காக்கா எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஆள் வந்த இடமா அது?

மாப்பிள்ளை: இன்னும் வராவிட்டாலும் அவருடையதுதான். ஆறு மாதம் முன்னால், காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்து பிடித்த இடம். கலிபோர்னியா கடற்கரையில் மாநில அரசின் ஸ்டேட் பார்க் என்றால் எட்டேகாலுக்குள் எல்லாம் போய்விடும். நமக்கே யாரோ விட்டுக்கொடுத்த ஒரு ராத்திரிதான் கிடைத்தது. பன்னிரண்டு மணிக்குள் வண்டியை எடுத்தாக வேண்டும்.

மாமா: ஓ, துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை: துண்டு இல்லை மாமா. ரிசர்வேஷன்.

மாமா: ஜன்னல் வழியாக எறிந்தால் துண்டு, கம்ப்யூட்டர் வழியாக எறிந்தால் ரிசர்வேஷனா? திருநெல்வேலி ஜங்ஷனில் நான் தீர்க்காத துண்டுப் பஞ்சாயத்தா? ஆனால் ஒன்று. அங்கே துண்டு போட்டவன் எப்பாடுபட்டாவது கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி வந்து உட்கார்ந்துவிடுவான். துண்டை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவனை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை: கொஞ்சம் நகருங்கள். சக்கரத்துக்கு அடியில் இருக்கிற கட்டையை எடுக்க வேண்டும்.

மாமா: எடுக்காதீர்கள். இடத்துக்கு ஏற்பாடு பண்ணியாயிற்று.

மாப்பிள்ளை: என்ன ஏற்பாடு?

மாமா: முகப்பில் ஒரு ஆர்வி வீட்டு வண்டியில் பெரியவர் ஒருவர் இருக்கிறாரே, செக்கர். காலையில் சட்னி அரைக்க ஜெனரேட்டர் போட்டதும் ஓடி வந்தாரே, அவர்தான்.

மாப்பிள்ளை: அவர் செக்கர் இல்லை மாமா, கேம்ப் ஹோஸ்ட். பத்து மணிக்கு முன்னால் ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது என்பது விதி, அதைச் சொல்ல வந்தார். சம்பளம்கூடக் கிடையாது. வண்டி நிறுத்த இடம் சும்மா கொடுப்பார்கள், அதற்குப் பதிலாக இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார்.

மாமா: சம்பளம் இல்லையா? அதுதான் முறுக்கை உடனே வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை: முறுக்கு கொடுத்தீர்களா?

மாமா: முழுப் பொட்டலம். கொடுத்துவிட்டு 43-ஐக் காட்டினேன், நம் வண்டியைக் காட்டினேன். ஓகே ஓகே என்றார். தோளில் தட்டினார். இதற்கு மேல் ரசீதா கிழித்துக் கொடுப்பார்?

மாப்பிள்ளை: மாமா, அவர் யார் எதைச் சொன்னாலும் ஓகே என்பார். இடம் ஒதுக்குகிற வேலை அவருடையது இல்லை. அங்கே போய் நிறுத்தினால் பார்க் அதிகாரி ரேஞ்சர் வந்து கிளப்புவார்.

மாமா: ரேஞ்சருக்கு அதிரசம் இருக்கிறது.

மாப்பிள்ளை: ஐயோ, அதற்கு இங்கே பெயர் வேறு. பையை மூடுங்கள்!

மாமா: சரி, மூடிவிட்டேன். துண்டு போட்டவனைக் கேட்பார் இல்லையா?

மாப்பிள்ளை: இல்லாமல் என்ன? இந்தத் தொல்லைக்காகவே 2023-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்பாது.

மாமா: அப்படியானால் கடைசி நேரத்தில் எவன் ரத்து செய்வான்? செய்தாலும் பணம் போச்சு, செய்யாவிட்டாலும் போச்சு. எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்துவிடுவான். துண்டு இங்கேயே கிடக்கும்.

மாப்பிள்ளை: ...

மாமா: இன்னொன்றும் கேட்கிறேன். கடல் அரசாங்கத்தின் கடல், மரம் அரசாங்கத்தின் மரம். காலை எட்டு மணிக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறவன் எப்படிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான்? அவன் பிள்ளைகுட்டி கடலைப் பார்க்க வேண்டாமா?

மாப்பிள்ளை: நான் என்ன மாமா செய்யட்டும்? எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

மாமா: எல்லாரும் என்றால்? நீங்கள் எத்தனை துண்டு போட்டிருக்கிறீர்கள்?

மாப்பிள்ளை: செப்டம்பரில் லேபர் டே லீவுக்கு மட்டும். மாரோ பேயில் ஒன்று.

மாமா: ஒன்றுதானா?

மாப்பிள்ளை: பிஸ்மோவில் ஒன்று.

மாமா: ஒரே தேதிக்கா?

மாப்பிள்ளை: ஒரு வேளை மழை வந்தால்...

மாமா: செப்டம்பரில், கலிபோர்னியாவில், மழை! வரும்போது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஊரையும் காட்டினீர்களே. மாரோ பேயில் பெய்கிற மழை பிஸ்மோவுக்குப் போக டிக்கெட் எடுக்க வேண்டுமா?

மாப்பிள்ளை: மாமா, மணியாகிறது. ராத்திரிக்குத் தனியார் பார்க் ஒன்றில் இடம் சொல்லியிருக்கிறேன். வாடகை இதைவிட இரண்டு மடங்கு. மூன்று மணிக்குத்தான் உள்ளே விடுவான். அதுவரை வடக்கே பியட்ராஸ் பிளாங்காஸ் கடற்கரைக்குப் போய் யானை சீல் என்கிற கடல் விலங்கைப் பார்க்கலாம்.

மாமா: அதற்கு எத்தனை மாதம் முன்னால் துண்டு போட வேண்டும்?

மாப்பிள்ளை: டிக்கெட்டும் இல்லை, புக்கிங்கும் இல்லை. ஹைவே நம்பர் 1-ஐ ஒட்டியே வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். 1990-ல் முதலில் வந்து படுத்தவை இரண்டு டஜன்கூட இருக்காது. இப்போது ஆயிரக்கணக்கில் வருகின்றன. ஜூலையில் பெரிய ஆண்கள் தோல் உரிக்க வந்து கிடக்கும். ஒவ்வொன்றும் இரண்டு டன் வரும்.

மாமா: ரேஞ்சர் கிளப்பவில்லையா?

மாப்பிள்ளை: முடியாது. கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 1972-லேயே சட்டம் இருக்கிறது.

மாமா: பார்த்தீர்களா? நேரில் வந்து படுத்தான், இடம் அவனுக்கு. ம், கட்டையை எடுங்கள்.